ஷிஃப்ட் முடிந்து கேட்பவை

கம்பெனி பஸ் ஒரகடம் ஜங்ஷனில் திரும்புகிறது.

உள்ளே யாரும் பேசவில்லை. பாதிப் பேர் தூங்குகிறார்கள். மீதிப் பேர் முகத்தில் போன் வெளிச்சம்.

விரல் நுனிகளில் கையுறை விட்டுப்போன ஈரச் சுருக்கம். மெஷினை விட்டு வந்து வெகுநேரமாகிறது. காதுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

போன் கேமராவின் மேல் செக்யூரிட்டி ஒட்டிய ஸ்டிக்கர். நகம் பட்டு ஓரம் கிழிகிறது.

ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. பாட்டு வேண்டாம். செய்தி வேண்டாம்.

*

எழுந்திரு. ஓடு. ஜெயித்துக் காட்டு.

இந்தப் பேச்சுகள் தேடாமலே வருகின்றன. பின்னணியில் மேளம் ஏறுகிறது. இரவு முழுக்க நின்ற கால்களுக்கு அதில் எதுவும் இல்லை. விரலால் தள்ளுகிறேன். இன்னொன்று வருகிறது. அதையும்.

வேறு வகைப் பேச்சுகள் இருக்கின்றன. இந்தப் பக்கம் யாரும் யாருக்கும் அனுப்பிப் பார்த்ததில்லை. பேசுகிறவர் குரலை உயர்த்துவதில்லை. செய்ததைச் சொல்கிறார். பார்த்ததைச் சொல்கிறார். இறங்கிப் போய்விடுகிறார்.

முடிந்த பிறகு கொஞ்ச நேரம் அடுத்ததற்குக் கை போவதில்லை.

அவற்றை இந்த நோட்டில் குறித்து வைக்கிறேன். வரிசை எதுவும் இல்லை.

*

லெஸ்லி சாங். 2012, எடின்பரோ மேடை. கால்மணி நேரத்துக்குள் முடிகிறது.

சீனாவில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் நிருபராக இருந்தவர். தெற்கே டோங்குவான் என்கிற தொழிற்சாலை நகரம். அங்கே லைனில் நிற்கிற பெண்களோடு 2 வருடம் பழகியிருக்கிறார்.

ஷூ, கைப்பை, கம்ப்யூட்டர், செல்போன். பேச்சு இந்தப் பொருள்களில் தொடங்குகிறது. சீக்கிரமே அவற்றை விட்டு விலகிப் போகிறது.

அந்தப் பெண்கள் தாங்கள் செய்கிற பொருளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எந்தக் கம்பெனிக்கு மாறலாம். சாயங்காலம் எந்த வகுப்பில் சேரலாம். யாரைக் கட்டிக்கொள்வது. வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவது. இதுதான் பேச்சு.

அவர்களுக்காகப் பரிதாபப்படச் சொல்லி சாங் கேட்கவில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே படிக்கிறார். மேடையில் வேறு சத்தம் இல்லை.

ஒரு பெண் புது வருடத்துக்கு ஊருக்குப் போகிறாள். ரொம்ப மாறிவிட்டாய், என்ன செய்தாய் என்கிறார்கள். படித்தேன், உழைத்தேன் என்கிறாள். அதற்கு மேல் சொன்னால் அவர்களுக்குப் புரியாது என்று விட்டுவிடுகிறாள்.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்துகிறேன்.

பஸ் வல்லக்கோட்டை வளைவைத் தாண்டுகிறது.

*

பொங்கலுக்குத் திருவண்ணாமலை போகிறவர்கள். தர்மபுரி போகிறவர்கள். பை நிறைய துணி.

என்ன வேலைம்மா.

போன் கம்பெனி.

அதோடு பேச்சு முடிகிறது.

*

வல்லம் வடகாலில் பெண்களுக்காகக் கட்டிய தங்குமிடம். 2024 ஆகஸ்டில் திறந்தது. 18,720 பேர் தங்கலாம். இரவில் தூரத்திலிருந்து தெரிகிறது. மாடிக்கு மேல் மாடி. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஜன்னல்.

ஒரு ஜன்னலில் துவாலை காய்கிறது.

அங்கே இந்நேரம் யார் யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருப்பார்கள். கேட்டு எழுத ஒருவர் வந்து உட்கார வேண்டும். சாங்குக்கு 2 வருடம் ஆகியிருக்கிறது.

2006-ல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. 2014 நவம்பரில் நின்றது. பள்ளி முடித்த கையோடு அந்த லைனுக்குப் போன பெண்களுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். அவர்களில் ஒருவர் மேடையேறிக் கால்மணி நேரம் பேசிக் கேட்க ஆசையாக இருக்கிறது. எந்த மேளமும் இல்லாமல்.

*

வீடியோவை 1.5 வேகத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

வார்த்தைகள் எல்லாம் இருக்கின்றன. இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் இருந்த மூச்சைக் காணவில்லை.

லைனில் டாக்ட் டைமை, ஒரு பாகத்துக்குக் கொடுத்த நேரத்தை, குறைக்கும்போதும் இதுதான் நடக்கிறது. எடுப்பது, பொருத்துவது, வைப்பது எல்லாம் இருக்கும். வைத்த கை திரும்பி வருகிற அந்த ஒரு நொடி இருக்காது.

மறுபடி 1-க்கு வருகிறேன்.

*

துளசிராஜ் ரவில்லா. 2009 நவம்பர், மைசூர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர். கணக்குச் சொல்கிற குரல். கை அதிகம் அசைவதில்லை.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். வயது 58. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்குகிறார். இளம் வயதிலேயே முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்கள். அந்த விரல்களால் கத்தி பிடிக்கத் தன்னைத் தானே பழக்கிக்கொண்டவர். வாழ்நாளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள்.

விரல்களைப் பார்க்கிறேன். என்னுடையவற்றை.

*

அரவிந்தின் அறுவை அரங்கு. இரண்டு மேஜைகள் பக்கத்தில் பக்கத்தில்.

ஒரு கண் முடிகிறது. டாக்டர் திரும்புகிறார். அடுத்த மேஜையில் அடுத்த கண் தயாராக இருக்கிறது. அதற்குள் முதல் மேஜையில் ஆள் மாறுகிறார். டாக்டர் திரும்புகிறார்.

இந்தத் திரும்புதலை உடம்பு அறியும். இடுப்புக்கு மேல் மட்டும் திரும்புவது. கால் நகராமல்.

அந்தக் கண்களைத் தயார் செய்கிறவர்கள் கிராமத்துப் பெண்கள். பிளஸ் டூ முடித்து வருகிறார்கள். 2 வருடப் பயிற்சி. பரிசோதிப்பது, மருந்து விடுவது, டாக்டரின் கையில் கருவியை எடுத்துத் தருவது எல்லாம் அவர்கள்.

இங்கே பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தூங்குகிற பெண்ணும் பிளஸ் டூ முடித்து வந்தவள்தான். கழுத்தில் அடையாள அட்டை திரும்பிக் கிடக்கிறது.

பணம் தருகிறவர்களின் பணத்தில் தர முடியாதவர்களுக்கும் அறுவை நடக்கிறது. வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டாதபோது, 1992-ல், லென்ஸையும் அவர்களே செய்யத் தொடங்குகிறார்கள். ஆரோலேப். அங்கேயும் தூசி புகாத அறை, தலையுறை, இன்ஸ்பெக்‌ஷன், ரிஜெக்ட்.

அதே வேகம். அங்கே அந்த வேகத்தின் முடிவில் ஒருவர் கட்டை அவிழ்த்துவிட்டு எதிரே இருப்பவரைப் பார்க்கிறார்.

நான் செய்கிற பாகம் எங்கே போய் முடிகிறது. ஏதோ ஒரு வண்டியின் கதவுக்குள். யாரோ அந்தக் கதவைச் சாத்துகிறார்கள்.

*

டீ பிரேக். பத்து நிமிடம். வரிசையில் நிற்பதற்கே பாதி போகிறது.

கிளாஸின் சூடு உள்ளங்கையில்.

எண்ணம் ஒன்று வருகிறது. போகிறது.

*

சுகதா மித்ராவின் 2010 பேச்சு. இதை உலகத்தில் நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் காளிக்குப்பம் வருகிறது என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழ் பேசும் ஒரு கிராமம். கம்ப்யூட்டரில் பயோடெக்னாலஜி பாடம், ஆங்கிலத்தில். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. பிள்ளைகள் தாங்களே கூடி உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒன்றுமே தெரியாத இடத்திலிருந்து 100-க்கு 30 மதிப்பெண் வருகிறது.

அதற்குப் பிறகு ஒரு இளம்பெண் வருகிறாள். கணக்கு வேலை பார்க்கிறவள். பாடம் அவளுக்கும் தெரியாது. பிள்ளைகளின் பின்னால் நின்று, அட, இதை எப்படிச் செய்தாய் என்று கேட்க வேண்டும். பாட்டிமார் கேட்பதைப்போல. அவ்வளவுதான் அவள் வேலை.

மதிப்பெண் 50 ஆகிறது.

எனக்குப் பின்னாலும் ஒருவர் நிற்கிறார். லைன் லீடர். மணிக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எழுதிக்கொண்டே நடக்கிறார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கிறார். அவருக்குப் பின்னாலும்.

இன்று அதிகாலை மூன்று மணிக்கு லைன் லீடர் நின்று பார்க்கிறார். "இத எப்படிண்ணே திருப்பாம போடுறீங்க?"

செய்து காட்டுகிறேன். போய்விடுகிறார்.

கை கொஞ்ச நேரம் தன் போக்கில் நடக்கிறது. தூக்கம் தெரியவில்லை.

*

வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர். 2007-ல் பேசியது. மூளையைப் பற்றி மூன்று விஷயங்கள். நடுவில் வருகிறது, இல்லாத கையின் வலி.

கை போய்விடுகிறது. வலி போகவில்லை. இல்லாத விரல்கள் இறுக மூடியிருக்கின்றன. திறக்க முடியவில்லை. திறக்கக் கையே இல்லை.

ஒரு பெட்டி. நடுவில் ஒரு கண்ணாடி. இருக்கிற கையை உள்ளே நீட்டிக் கண்ணாடியைப் பார்க்கிறார் நோயாளி. இரண்டு கைகள் தெரிகின்றன. இருக்கிற கையை விரிக்கிறார். இல்லாத கையும் விரிகிறது. வலி தளர்கிறது.

செலவு 3 டாலர் என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்.

*

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் டை இறங்கும். கைகள் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக.

மாத்தூர் டீக்கடையில் ஒருவர். கிளாஸை மூன்று விரலால் பிடித்திருக்கிறார்.

பார்க்கிறேன். அவரும் பார்க்கிறார்.

இருவரும் ரோட்டைப் பார்க்கிறோம். கன்டெய்னர் லாரி போகிறது. நீளமாகப் போகிறது.

கண்ணாடிப் பெட்டியைப் பற்றி அவரிடம் சொல்லலாமா. சொல்ல எங்கிருந்து தொடங்குவது.

டீ ஆறுகிறது.

*

அனுபம் மிஸ்ரா. இதுவும் 2009, மைசூர். டெல்லி காந்தி அமைதி நிறுவனத்தில் இருந்தவர். 2016 டிசம்பரில் காலமானார்.

இதைத்தான் அதிகம் தடவை பார்க்கிறேன்.

மெதுவான ஆங்கிலம். அவசரமில்லாத படங்கள். ராஜஸ்தான் பாலைவனம். மழை கொஞ்சம்தான். கூரையில் விழுவதை, முற்றத்தில் விழுவதை, கோட்டைச் சரிவில் விழுவதைச் சேர்க்கிறார்கள். சேர்த்து வைத்த இடங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வருகின்றன. படியிறங்கும் கிணறுகள். மூடி போட்ட தொட்டிகள். குளங்கள். பல நூறு வருடம் பழையவை. இன்றும் அவற்றில் தண்ணீர் மொள்கிறார்கள்.

அவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நான் செய்தேன் என்ற வார்த்தை அந்தப் பேச்சில் தேவைப்படவே இல்லை. கட்டியவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் கனக்கிறது.

கேட்கும்போது மூச்சு நீள்கிறது. அதைக் கவனிக்கிறேன். கவனித்ததும் குறைகிறது.

*

காஞ்சிபுரம், செங்கல்பட்டு. ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய பக்கம்.

ஸ்ரீபெரும்புதூர் ஏரி. பிள்ளைப்பாக்கம் ஏரி. செம்பரம்பாக்கம் ஏரி. மேலே ஒன்று நிரம்பி, கலங்கலில் வழிந்து, கால்வாயில் நடந்து, கீழே இன்னொன்றை நிரப்பும்.

இதே பக்கத்தில் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. 919, 921. குடவோலையில் பெயர் எடுத்து, வருடத்துக்கு ஒரு முறை ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆட்கள்.

லீவு நாளில் பழைய ஏரிக் கரை ஒன்றின் மேல் நடக்கிறேன். கரைக்கு உள்பக்கம், தண்ணீருக்குள், இரண்டு கல் தூண்கள். நடுவில் குறுக்குக் கல். அதில் வட்டமாக ஒரு துளை. அந்தத் துளை வழியாக ஒரு நீண்ட கம்பு கீழே இறங்கும். கம்பின் நுனி தொட்டியின் வாயை அடைக்கும். தூக்கினால் தண்ணீர் வயலுக்குப் போகும். எவ்வளவு தூக்குவது என்பது ஒருவர் கைக்குத் தெரியும்.

துளையின் ஓரம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. நாள் முழுக்கத் துளைக்குள் கேஜ் விட்டுப் பார்க்கிற கை எனக்கு. அந்தக் கல்லைத் தொட்டதும் அளவு கேட்கிறது.

கம்பு இல்லை. எப்போது போனதோ.

கரைக்கு அந்தப் பக்கம் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு உள்ளே புது கார்கள் வரிசையாக, வெள்ளைப் பேப்பர் ஒட்டி, வெயிலில். ஒரு நீர்க்காகம் தூணில் உட்கார்ந்து சிறகை விரிக்கிறது.

மிஸ்ராவின் குரல் நினைவில் இல்லை. அந்த வேகம் மட்டும் இருக்கிறது. அதே வேகத்தில் நடந்து திரும்புகிறேன்.

*

குளங்களைப் பற்றி மிஸ்ரா இந்தியில் எழுதிய புத்தகம் 1993-ல் வந்தது. அதற்கு உரிமை யாருக்கும் இல்லை. யாரும் அச்சிடலாம். யாரும் தம் மொழியில் போட்டுக்கொள்ளலாம். நிறையப் பேர் போட்டார்கள்.

சாங்கும் மிஸ்ராவும் பேசிய அந்த மேடைகளின் வீடியோக்களுக்குக் கீழே தமிழ் எழுத்துகள் ஓடுகின்றன. சில பேச்சுகளுக்குத்தான் இருக்கிறது. 2009-லிருந்து யார் யாரோ காசு வாங்காமல் தத்தம் மொழியில் தட்டச்சு செய்து ஏற்றுகிறார்கள். ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர் சரிபார்க்கிறார். எந்த ஊரோ. வேலைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, அதற்குப் பிறகு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு வரி கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுகிறது. குரல் பின்னால் வந்து சேர்கிறது.

*

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசல். காலையில் கூட்டம் இல்லை. செருப்பு விடுகிற இடத்தில் கல் குளிர்கிறது.

1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர். ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லித் தந்த மந்திரத்தை, திருக்கோஷ்டியூரில் உயரத்தில் ஏறி நின்று ஊருக்கே சொன்னார் என்கிறது குருபரம்பரை.

கீழே நின்று கேட்டவர்களைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. கேட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள்.

*

பில் ஸ்ட்ரிக்லாண்ட். 2002. அரை மணிக்கு மேல் போகிறது. போகும்போது பாதி, வரும்போது பாதி பார்க்கிறேன்.

பிட்ஸ்பர்க். எஃகு ஆலைகளால் எழுந்து, ஆலைகள் மூடியபோது உட்கார்ந்த ஊர். 1963-ல் ஒரு புதன்கிழமை மதியம். பள்ளி வராந்தாவில் ஒரு பையன் நடக்கிறான். ஒரு கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஆசிரியர் சக்கரத்தில் மண் வனைகிறார். பையன் நிற்கிறான்.

பின்னாளில் அதே பகுதியில் அவர் தொழிற்பயிற்சி மையம் நடத்துகிறார். வேலை இழந்தவர்கள், படிப்பு நின்றவர்கள் வருகிறார்கள். அங்கே நீரூற்று இருக்கிறது. சுவர்களில் ஓவியம் இருக்கிறது. ஆர்க்கிட் பூக்கள் வளர்கிற கண்ணாடி வீடு இருக்கிறது. பயிற்சிக்கு வருகிறவர்கள் வெளிச்சமும் பூவும் இருக்கிற இடத்தில் உட்கார வேண்டியவர்கள் என்று நினைக்கிறார். சாதாரணமாகச் சொல்கிறார். ஹெர்பி ஹான்காக் பக்கத்தில் பியானோ வாசிக்கிறார்.

எங்கள் டிரெய்னிங் ஹால். டியூப்லைட். பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜன்னல் இல்லை. சேஃப்டி போஸ்டரில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவர் சிரிக்கிறார்.

மூலையில் ஒரு தொட்டிச் செடிக்கு இடம் இருக்கிறது.

*

ஸ்ருதி டிவி. தமிழில் எங்கே இலக்கியக் கூட்டம் நடந்தாலும் கேமராவோடு போய் நின்று, பதிவு செய்து, ஏற்றிவிடுகிறார்கள். வருடக்கணக்காக. வெட்டுவதில்லை. அலங்கரிப்பதில்லை. நாற்காலி இழுபடும் சத்தம், மின்விசிறி, யாரோ இருமுவது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் அப்படியே இருக்கின்றன.

சில கூட்டங்களைப் பார்த்தவர்கள் சில நூறு பேர்தான். அந்த எண்ணின் பக்கத்தில் உட்காருவது பிடித்திருக்கிறது.

சு. தியடோர் பாஸ்கரன் காட்டுயிர்களைப் பற்றிப் பேசுவது எங்கே கிடைத்தாலும் பார்க்கிறேன். தபால் துறையில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நிதானமாகப் பேசுகிறார். பறவையையும் மரத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பெயர் தெரியாத ஒன்று கண்ணில் பட்டாலும் படாததுதான் என்று அவரைக் கேட்கும்போது தோன்றுகிறது.

பஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். தினமும் போகிறது. புங்கையா என்று தெரிந்துகொள்ள எழுந்து நிற்கிறேன். அதற்குள் போய்விடுகிறது.

நம்மாழ்வாரின் பேச்சுகள் பலவற்றில் மேடை கிடையாது. மர நிழல், திண்ணை, பந்தல். கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வேலையை 1960-களின் கடைசியில் விட்டு வந்தவர். 2013 டிசம்பரில் போய்ச் சேரும்வரை நடந்துகொண்டே இருந்தவர். ஒரு பிடி மண்ணை எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறார். அதில் என்னென்ன உயிர் இருக்கிறது என்கிறார். கேட்டு முடித்த பிறகு, ரோட்டோரம் எடுத்துக் கொட்டிய செம்மண் குவியலைக் கண் தானாகப் பார்க்கிறது. ஜேசிபி அதன்மேல் ஏறி நிற்கிறது.

*

ஞாயிறு. கரண்ட் இல்லை.

நான்கு பேர் ஓர் அறையில். மூன்று பாய். யாரோ ஒருவர் எப்போதும் ஷிஃப்டில்.

எதையும் பார்க்கவில்லை. போன் சார்ஜ் தீர்ந்து கிடக்கிறது. சுவரில் பல்லி நகர்கிறது, நிற்கிறது. அதன் தொண்டை துடிக்கிறது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் வைக்கிறது. என் நெஞ்சு ஏறி இறங்குகிறது.

வெகுநேரம்.

*

அர்விந்த் குப்தா. 2010, லவாசா. ஐஐடி கான்பூரில் படித்தவர். புனேயில் டெல்கோவில் லாரி செய்கிற வேலை. இன்றைய டாடா மோட்டார்ஸ். 1978-ல் லீவு போட்டுவிட்டு மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத்துக்குப் போகிறார். கிராமத்துப் பள்ளிகளில் அறிவியல் சொல்லித் தருகிறார்கள், அங்கே.

சந்தையில் சைக்கிள் வால்வ் டியூப் கண்ணில் படுகிறது. மெல்லிய ரப்பர். ஒரு சின்னத் துண்டு வெட்டுகிறார். ஒரு பக்கம் ஒரு தீக்குச்சி. மறுபக்கம் ஒரு தீக்குச்சி. நடுவில் வளைகிறது. மூட்டு.

மூன்று குச்சிகளைச் சேர்த்தால் முக்கோணம். அழுத்தினால் அசைவதில்லை. நான்கைச் சேர்த்தால் சதுரம். தொட்டதும் சாய்கிறது.

மேடையில் அவர் ஒரு பழைய நியூஸ் பேப்பரை மடித்துக்கொண்டே பேசுகிறார். தொப்பி வருகிறது. ஸ்ட்ராவை வெட்டி ஊதுகிறார். ஊதிக்கொண்டே வெட்டுகிறார். சுருதி ஏறுகிறது. கைகள் நிற்பதே இல்லை. ஒரு முறைகூட அவை எதையும் ஆணையிடவில்லை.

*

எங்கள் ஃபிக்சரின் நான்கு மூலையிலும் குறுக்கே ஒரு இரும்புத் துண்டு வெல்டு செய்திருக்கிறது. பாகத்தை வைக்கும்போதெல்லாம் மணிக்கட்டு அதில் உரசுகிறது. இடைஞ்சல் என்று இருந்தது.

முக்கோணம்.

விரலால் அதைத் தடவுகிறேன். அடுத்த பாகம் வந்துவிடுகிறது.

*

அறையில் ஜார்க்கண்ட் பையன். பெயின்ட் ஷாப் வேலை. தமிழ் கொஞ்சம் வரும். எனக்கு இந்தி கொஞ்சம் வரும். இரண்டும் சேர்ந்து ஒரு பேச்சுக்குப் போதும்.

குப்தாவின் பொம்மைப் படங்கள் பல மொழிகளில் இருக்கின்றன. சின்னச் சின்னதாக, ஓரிரு நிமிடங்கள். இந்தியில் ஒன்றை வைத்துக் காட்டுகிறேன். படுத்தபடி பார்க்கிறான். பிறகு எழுந்து உட்கார்ந்து பார்க்கிறான். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கிக்கொள்கிறான்.

ஊரில் தங்கைக்கு மகள் இருக்கிறாள். நான்கு வயது. சத் பூஜைக்குப் போவான்.

"அண்ணா, வோ ரப்பர் இங்க கிடைக்குமா?"

சுங்குவார்சத்திரத்தில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. பாதி இடத்தில் இப்போது பைக் டயர். உள்ளே ஆணியில் கருப்பாகச் சுருண்டு தொங்குகிறது. கடைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. எவ்வளவு நீளம் என்கிறார்.

எங்களுக்குத் தெரியவில்லை.

அவன் விரலைத் தொடையில் வைத்துக் கணக்குப் போடுகிறான். ஒரு மூட்டுக்கு இவ்வளவு. ஒரு வீடு செய்ய இத்தனை மூட்டு. உதடு அசைகிறது. மூன்றடி போதும் என்கிறான். பிறகு ஐந்தடி என்கிறான்.